தில்லைநாதனின் ஒஸ்ரினும் பொலிஸ் ஜீப்பின் முன் சீற்றும்

எங்கள் லேனுக்குள் பொலிஸ் ஜீப் வந்தால், அது எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் மற்ற வேலை. எங்கள் வாசலில் நின்றால் ஐசியை, அதுதான் அடையாள அட்டையை, தேடுவோம். பக்கத்து வீட்டு வாசலில் நின்றால் யன்னலைச் சாத்துவோம். எதிர்வீட்டில் நின்றால் யன்னலைச் சாத்திவிட்டு, திரையை மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு விலக்கி வைப்போம். நடந்ததைப் பிறகு யாராவது சொல்லத்தானே வேண்டும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் எங்கள் லேனில் அந்த யாராவது பெரும்பாலும் நான்தான். என் மாடி யன்னலுக்கு நேரெதிரே தில்லைநாதன் வீட்டு கேற் இருப்பது நான் கேட்டு வாங்கிய வரமல்ல.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. பாண் வாங்கப் போகிறவர்கள்கூட ஐசியை எடுத்துக்கொண்டு போன காலம். அப்படிப்பட்ட காலத்தில், ஆசைப்பட்டு ஒரு பொலிஸ் காரை வாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டவர் தில்லைநாதன்.

அவர் ஒரு காப்புறுதிக் கம்பனியில் விபத்துக் கார்களை மதிப்பிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் நொருங்கிய பம்பர்களையும் உடைந்த விளக்குகளையும் பார்த்ததாலோ என்னவோ, முழுதாக இருக்கும் ஒரு காரைக் கண்டால் அவருக்குக் கண் கலங்கும். உறவுக்காரர் செத்த செய்திக்கு அவர் அப்படிக் கலங்கியதாக அவருடைய மனைவி பத்மாவதி அக்கா எனக்குச் சொன்னதில்லை.

காரைக் கண்டுபிடித்தவர் கிளெமென்ற். கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், பழைய மொரிஸ் மைனர் ஒன்று வைத்திருக்கிறவர். பேலியகொடையில் ஒரு மீன் முதலாளியின் வளவுக்குள் ஐஸ் பெட்டிகளுக்குக் கீழே ஒரு பழைய ஒஸ்ரின் கிடக்கிறது என்று அவர்தான் வந்து சொன்னார். ஐம்பத்தோராம் ஆண்டுக் கார். லொறியில் ஏற்றி எங்கள் லேனுக்குக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கு மூக்கைப் பொத்தாதவர்கள் பூனைகள் மட்டும்தான். ஒரு மாதமாக லேனில் இருந்த பூனைகள் அத்தனையும் தில்லைநாதன் வீட்டு மதிலில் குடியிருந்தன.

கறுப்புப் பெயின்ற்றைச் சுரண்டியபோது முன் கதவுகளில் வெள்ளை வந்தது. முன் பம்பரில் வரிசையாக நாலு ஓட்டைகள். கிளெமென்ற் அந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு எழும்பி நின்றார்.

“தில்லை அண்ணே, இது சும்மா கார் இல்ல. இது மணி பூட்டின ஓட்டை, சைரன் வர்றதுக்கு முந்தி அடிச்ச மணி. இது பட்ரோல் கார், ரோந்து போறது. பொலிஸ் ஓடின கார்!”

அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் போட்ட சத்தத்தைக் கேட்டு, தில்லைநாதன் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்த றஞ்சிதம் தன் இரண்டு பெண்பிள்ளைகளையும் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். பொலிஸ் என்ற சொல் மட்டும்தான் அவள் காதில் விழுந்திருந்தது. லண்டன் போகும் விசாப் பேப்பருக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காத்திருக்கிறவளுக்கு வேறு எது காதில் விழும்?

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தில்லைநாதன் வீட்டு போர்ட்டிக்கோவில் கார்ப் பைத்தியங்கள் கூடின. நாலைந்து பேர் வருவார்கள். கதை பெரும்பாலும் ஒன்றுதான்: ட்ரபிக் பொலிஸ்.

“அந்த நாளில ட்ரபிக் பொலிஸ்காரன் காரை மறிச்சா முதல்ல பொனற்றைப் பாப்பான், பிறகுதான் லைசென்ஸ்,” என்பார் தில்லைநாதன். “வெள்ளைக் கையுறை, மடிப்புக் குலையாத காற்சட்டை. ‘கார்பரேற்றரைக் கொஞ்சம் பாருங்கோ சேர், புகைக்குது’ எண்டு சொல்லுவான். இப்ப வாறவங்களுக்கு என்ன தெரியும்? முகத்தைப் பாக்கிறாங்கள், ஐசியைப் பாக்கிறாங்கள். நான் ஓடி வந்தது காரோ மாட்டு வண்டிலோ எண்டுகூடப் பாக்கிறாங்கள் இல்லை.”

“அப்பவும் இவனுங்க இப்பிடித்தான் அண்ணே,” என்பார் கிளெமென்ற். “பைசிக்கிள்ல லைட் இல்லேன்னு எங்கப்பாகிட்ட ஒரு கோழி வாங்கினான். கோழிக்கு ரிசீட்டா குடுத்தான்?”

“அது ட்ரபிக்கா இருக்காது. கிறைம் பிராஞ்சா இருக்கும்.”

“அத அந்தக் கோழிகிட்டத்தான் கேக்கணும்.”

நாளுக்கு இரண்டு மூன்று தடவை பொலிஸிடம் ஐசி காட்டுகிற மனிதர்கள், ஓய்வு நேரத்தில் வட்டமாக உட்கார்ந்து அதே பொலிஸின் பழைய காருக்கு மெழுகு தேய்த்தார்கள். ஆம்பிளைகளின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று நான் பத்மாவதி அக்காவிடம் கேட்டேன். அதற்குத் தான் இன்னும் விடை தேடுவதாக அவர் சொன்னார்.

செப்ரெம்பரில் பழைய கார்ச் சங்கத்தின் போட்டி இருந்தது. கார் முதன்முதலில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தால் கூடப் புள்ளி. தில்லைநாதன் எங்கெங்கோ திரிந்து ஒரு மணி வாங்கிப் பம்பரில் பூட்டினார். கதவுகளுக்கு வெள்ளை அடித்தார். மிச்சம் இருந்தது அந்த வெள்ளையின்மேல் ஆங்கிலத்தில் பெரிதாகப் பொலிஸ் என்று எழுதுவதுதான்.

பத்மாவதி அக்கா வாசலில் வந்து நின்றார்.

“கொழும்பிலை தமிழ்ச் சனம் வாசலுக்கு வந்தாலே எங்கை போறாய் எண்டு கேக்கிறாங்கள். நீங்கள் பொலிஸ் எண்டு எழுதிக்கொண்டு கோல் றோட்டிலை போகப் போறியளோ? இன்னும் உங்களைப் பிடிச்சுக்கொண்டு போகேல்லை எண்டு கவலையாக் கிடக்கோ?”

“அதுக்குத்தான் பெர்மிஷன் எடுக்கப் போறன்.”

“ஆரிட்டை?”

“ட்ரபிக் இன்ஸ்பெக்டரிட்டை.”

கிளெமென்ற் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். “அண்ணே, வேணாம். பொலிஸ் சாமான் பொலிஸ் கேட்டுக்குள்ள போனா வெளிய வராது. எழுத்தே வேணாம். புள்ளி போனாப் போகட்டும்.”

“நீ எல்லாரையும் ஒரே தராசிலை போடுறாய். ட்ரபிக் ஆக்கள் வேறை, கிளெமென்ற். அவங்களுக்குக் காரின்ரை அருமை தெரியும்.”

அடுத்த திங்கட்கிழமை டையும் கட்டிக்கொண்டு தில்லைநாதன் காரை ஸ்ரேஷனுக்கு ஓட்டிக்கொண்டு போனார். எந்த ஸ்ரேஷன் என்று கேட்காதீர்கள். காலி வீதியில் ஸ்ரேஷனுக்கா பஞ்சம்?

காரின் அருமை தெரியும் என்று அவர் சொன்னது சரிதான். இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். மட்கார்ட்டைத் தடவினாராம். மணியை அடித்துப் பார்த்துவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தாராம். ‘ஹரி லஸ்ஸனய்’ என்றாராம், சரியான வடிவு என்று. அதற்குப் பிறகு, வீதிப் பாதுகாப்பு வாரம் வருகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல சாமான் கிடைக்காது, ஒரு கிழமைக்கு இங்கே நிற்கட்டும், பெர்மிஷன் கடிதத்தைக் காரோடு சேர்த்துத் தருகிறேன் என்றாராம். அந்தக் காலத்தில் ஒரு தமிழன் பொலிஸ் ஸ்ரேஷனுக்குள் நின்று எதற்கு மாட்டேன் என்று சொல்லுவான்? தில்லைநாதன் டையோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து இறங்கினார்.

மறுநாள் காலையில் எங்கள் லேனுக்குள் பொலிஸ் ஜீப் வந்தது. எதிர்வீட்டில் நின்றது. நான் திரையை விலக்கினேன்.

ஒரு சார்ஜன்ற்றும் இரண்டு கொன்ஸ்ரபிள்மாரும் இறங்கினார்கள். ஷேவ் எடுத்த பாதியில் தில்லைநாதன் வந்தார். இரண்டு நிமிடம் கதைத்தார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு, சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். பத்மாவதி அக்கா செருப்பில்லாமல் கேற்றுக்கு ஓடிவந்தார். நான் உடனே இறங்கிப் போய் எனக்குத் தெரிந்த லோயரின் டெலிபோன் நம்பரைக் கொடுத்தேன். லேன் முடக்கில் கடை வைத்திருக்கும் யோகநாதனிடமும் சொல்லிவிட்டு வந்தேன். அவரிடம் சொன்னால் மற்றவர்களுக்கு நான் தனித்தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மத்தியானத்துக்கு முன் ஜீப் திரும்பி வந்தது. தில்லைநாதன் முன் சீற்றில் இருந்தார். இறங்கும்போது கையில் மீன் அடைத்த மாலு பணிஸ் பார்சல் ஒன்று இருந்தது. சார்ஜன்ற் அவருக்குச் சலூட் அடித்தார்.

நான் அந்தச் சலூட்டைக் கண்ணால் கண்டேன்.

விஷயம் இவ்வளவுதான். ஒஸ்ரினை அவர்களால் ஸ்ரார்ட் பண்ண முடியவில்லை. அந்தக் காரின் பெற்றோல் பம்ப் அடிக்கடி ஒட்டிக்கொள்ளும். பொனற்றைத் திறந்து, ஸ்பானரின் பிடியால் பம்புக்கு ஒரு தட்டுத் தட்டி, சோக்கைப் பாதி மட்டும் இழுத்து, அக்ஸிலேற்றரைத் தொடாமல் ஸ்ரார்ட் பண்ண வேண்டும். பொலிஸ்காரர்கள் அக்ஸிலேற்றரை மிதிக்காமல் எந்த வாகனத்தை ஸ்ரார்ட் பண்ணியிருக்கிறார்கள்? மிதித்தார்கள், பெற்றோல் மணத்தது, கார் செத்துப்போய் நின்றது. அதனால்தான் சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தில்லைநாதன் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொனற்றுக்குள் குனிந்து என்னவோ செய்தார். கார் இரைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இதெல்லாம் பத்மாவதி அக்கா எனக்குச் சொன்னது. ஆனால் லேனுக்கு யார் சொல்வது? சொன்னால் யார் நம்புவது? பொலிஸ் ஒரு தமிழனைக் கூட்டிக்கொண்டு போனது பெற்றோல் பம்புக்குத் தட்டவாம் என்று சொன்னால், சொன்னவருக்கும் அதில் பங்கு இருக்கிறது என்றல்லவா நினைப்பார்கள்?

ஒரு வாரம் என்றது நீண்டது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் காரைக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு முறையும் ஜீப் வந்தது. ஒவ்வொரு முறையும் தில்லைநாதன் மரியாதையாக முன் சீற்றில் ஏற்றப்பட்டார்.

அந்த நாட்களில் பொலிஸ் ஜீப்பில் எங்கள் ஆட்கள் போகும் இடம் பின்பக்கம். பெரும்பாலும் தரை. முன் சீற்றில் இருந்து போகிற தமிழன் யார் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். பொலிஸுக்குக் காட்டிக் கொடுக்கிற ஆள்காட்டி. அந்தப் பெயர் ஒருவனுக்கு விழுந்தால் அவனோடு கதைக்கப் பயம், கதைக்காமல் விடவும் பயம். அந்தப் பெயரோடு இருந்தவர்களில் சிலர் ஒருநாள் காலையில் வாசலில் கிடந்த கதையும் எங்களுக்குத் தெரியும்.

யோகநாதனின் கடையில் நின்று கதைத்துக்கொண்டிருப்பவர்கள் தில்லைநாதனைக் கண்டால் விலை கேட்கத் தொடங்கினார்கள். யோகநாதன் அவருக்கு மட்டும் முட்டையை விளக்கில் பிடித்துப் பார்த்துக் கொடுத்தார். “அண்ணைக்கு வேறை என்ன வேணும்? நீங்கள் ஏன் மினக்கெட்டு வாறியள், ஆளிட்டை அனுப்பிவிடுறன்.” மரியாதை கூடிக்கொண்டே போனது. மரியாதை கூடுகிறது என்றால் விஷயம் முற்றுகிறது என்று அர்த்தம்.

ஒருநாள் ஜீப் வந்து போன மறுநாள் பக்கத்து லேனில் சுற்றிவளைப்பு. லொட்ஜ் ஒன்றிலிருந்து ஆறேழு பேரைக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருக்குமோ என்று நான் றஞ்சிதத்திடம் கேட்டேன், அவ்வளவுதான். கேட்பது ஒரு குற்றமா? அடுத்த நாள் றஞ்சிதம் சூட்கேஸ்களையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பாமன்கடைக்குப் போய்விட்டாள். “அங்கை காத்து நல்லா வரும்,” என்று பத்மாவதி அக்காவுக்குக் காரணம் சொன்னாள். கடலுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து காற்றுத் தேடிப் பாமன்கடைக்குப் போன முதல் மனுசி அவள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிக்கோவுக்குக் கிளெமென்ற் மட்டும்தான் வந்தார். நான் கறிவேப்பிலை கேட்கப் போயிருந்தேன். என் வீட்டிலும் கறிவேப்பிலை மரம் உண்டு, ஆனால் அவர்களுடையது நல்ல வாசம்.

“சொல்லிக் குடுத்துப்போட்டு வாங்கோ,” பத்மாவதி அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். “பம்பிலை தட்டுறதோ, சோக்கை இழுக்கிறதோ, என்ன கண்டறியாத வித்தையோ, அவங்களுக்குக் காட்டிப்போட்டு வாங்கோ. பிறகு ஜீப் ஏன் வருது?”

“காட்டினா அந்தக் கார் எனக்கு இல்லை. அவங்களாலை ஓடேலாமல் கிடக்கிறதாலைதான் அது இன்னும் என்ரை கார். தாங்களே ஓடத் தொடங்கினா திருப்பித் தருவாங்களோ?”

“அண்ணன் சொல்றது சரி அக்கா,” என்றார் கிளெமென்ற். “ஸ்டார்ட் ஆகாத கார வச்சிக்கிட்டு எத்தன நாளைக்கு இருப்பானுங்க? சலிச்சுப்போய் அவனுங்களே கொண்டாந்து விடுவானுங்க. வாயத் தொறக்காதீங்க அண்ணே.”

“அதுக்குள்ளை என்ரை மனிசனுக்கு என்ன பேர் வைச்சிருக்கினம் எண்டு உமக்குத் தெரியுமே, கிளெமென்ற்? நீர் கொட்டாஞ்சேனையிலை இருக்கிறீர். நான் இந்தச் சனத்துக்கு முன்னாலைதான் காலமை கேற்றைத் திறக்கவேணும். உவவைக் கேளும்.”

உவ என்றது என்னை. நான் கறிவேப்பிலையைப் பார்த்தேன்.

காரில்லாத போர்ட்டிக்கோவின் சீமெந்தில் ஒரு பழைய எண்ணெய்க் கறை கிடந்தது. தில்லைநாதன் அதைச் செருப்பால் தேய்த்துக்கொண்டிருந்தார். பேரைக் காப்பாற்றினால் கார் போகும். காரைக் காப்பாற்றினால் பேர் போகும். பேரோடு வேறு என்னென்ன போகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவர் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார். ஓய்வு பெற்ற காப்புறுதிக்காரரைத் தவிர வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது.

அடுத்த தடவை ஸ்ரேஷனுக்குப் போனபோது, அந்தச் சலூட் அடித்த சார்ஜன்ற் கருணாதிலகவை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, தன்னுடைய நல்ல சிங்களத்தில் கேட்டாராம்: இனி என்னைக் கூட்டிக்கொண்டு வருவதென்றால் தயவுசெய்து பின்னால் ஏற்றுங்கள். முன்னால் வேண்டாம். இரண்டு பக்கமும் ஆள் இருக்கவேண்டும். கொஞ்சம் தள்ளினாலும் நல்லது. சலூட் மட்டும் அடிக்கவே கூடாது.

சார்ஜன்ற் தொப்பியைக் கழற்றினாராம். “மஹத்தயா, என்னை விட்டுவிடுங்கோ என்று கெஞ்சினவர்களைத்தான் இத்தனை வருஷமும் பார்த்திருக்கிறேன். பிடித்துக்கொண்டு போங்கோ என்று கெஞ்சுகிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்,” என்றாராம். காரணத்தைக் கேட்டபிறகு சிரிக்கவில்லையாம். சரி என்று மட்டும் சொன்னாராம்.

தில்லைநாதன் இதை வீட்டில் சொல்லவில்லை. பத்மாவதி அக்காவுக்கு நடிக்கத் தெரியாது என்று நினைத்தாராம். கிளெமென்ற்றுக்கும் சொல்லவில்லை. கிளெமென்ற்றுக்குச் சொன்னால் கொட்டாஞ்சேனை முழுவதற்கும் தெரிந்துவிடும் என்று பயம். எனக்குச் சொல்லியிருந்தால் நான் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை காலை ஜீப் வந்தது. வந்த வேகமே வேறு. கொன்ஸ்ரபிள்மார் கேற்றைக் காலால் தள்ளினார்கள். தில்லைநாதனை இரண்டு பக்கமும் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அவருடைய ஒரு செருப்பு வாசலில் கழன்று கிடந்தது. கருணாதிலக லேன் முழுவதற்கும் கேட்க, “நகபங்! நகபங்!” என்று, ஏறடா ஏறடா என்று கத்தினார். தலையைப் பிடித்து அமத்திப் பின்னால் ஏற்றினார்கள். ஜீப் ரிவேர்ஸிலேயே காலி வீதிக்குப் போய்விட்டது.

நான் திரையை முழுவதுமாக விலக்கிவிட்டேன். இனி ஒளிந்து பார்க்க என்ன இருக்கிறது?

பத்மாவதி அக்கா போட்ட சத்தத்தில் லேனில் ஒரு யன்னல் மிச்சமில்லாமல் திறந்தது. யோகநாதன் கடைக் கதவைப் பாதிக்கு இழுத்துவிட்டு ஓடிவந்தார். ஆம்பிளைகள் எல்லோரும் கேற்றடிக்கு வந்தார்கள். நேற்றுவரைக்கும் அவரைக் கண்டால் மறுபக்கம் திரும்பினவர்கள்.

“பாவம், தங்கமான மனிசன்.”

“எனக்கு அப்பவே தெரியும். முன் சீற்றிலை வைச்சுக் கொண்டுபோறதே ஒரு தந்திரம். வாயைக் கிளறத்தான்.”

“ஒண்டும் சொல்லியிருக்க மாட்டார். அதுதான் இண்டைக்கு இந்த அடி.”

அடி விழுந்ததை யாரும் காணவில்லை. ஆனால் மத்தியானத்துக்குள் அவருக்கு நெற்றியில் காயம், சேட்டில் இரத்தம் என்று கதை வளர்ந்துவிட்டது. அவருடைய கழன்ற செருப்பை யோகநாதன் எடுத்துத் துடைத்துப் படியில் வைத்தார்.

நான் கொடுத்திருந்த லோயரின் நம்பர் அன்றைக்குத்தான் பயன்பட்டது. லோயர் தெரிந்த ஏஎஸ்பி ஒருவருக்கு டெலிபோன் எடுத்தார். செய்தி கேட்டுக் கிளெமென்ற் துறைமுக உடுப்போடேயே தன்னுடைய மாதா கோயில் சுவாமியாரையும் மொரிஸில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். லோயர், சுவாமியார், கிளெமென்ற், பத்மாவதி அக்கா நாலு பேரும் ஸ்ரேஷனுக்குப் போனார்கள். மொரிஸில் எனக்கு இடம் இருக்கவில்லை. அதனால் இனிச் சொல்வது பத்மாவதி அக்காவும் கிளெமென்ற்றும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்துச் சொல்வது.

ஸ்ரேஷன் முற்றத்தில் ஒஸ்ரினின் பொனற் திறந்திருந்தது. தில்லைநாதன் அதற்குள் குனிந்துகொண்டு நின்றார், ஒரு காலில் செருப்போடு. சார்ஜன்ற் பக்கத்தில் பிளேன் ரீக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்காக.

சுவாமியார் சிலுவை போட்டார். பத்மாவதி அக்கா பேசவில்லை. அப்படி அவர் பேசாமல் நின்றதைக் கல்யாணம் கட்டின நாளிலிருந்து தான் கண்டதில்லை என்று தில்லைநாதன் பிறகு சொன்னாராம்.

அந்த நேரம் பார்த்து ஏஎஸ்பியின் வாகனம் உள்ளே வந்தது. லோயரின் டெலிபோன் அவருக்குப் பிடிக்கவில்லை. ஓய்வு பெற்ற ஒரு மனிதரை அடித்து இழுத்துக்கொண்டு வந்ததாக நாளைக்குப் பேப்பரில் வந்தால் யார் பதில் சொல்வது என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

“நாங்கள் பிடிக்கவில்லை சேர். கார் ஸ்ரார்ட் பண்ணத்தான் கூப்பிட்டோம்.”

“கார் ஸ்ரார்ட் பண்ண ஒருவரைத் தலையில் பிடித்து ஜீப்பில் அமத்துவதா?”

இன்ஸ்பெக்டர் சார்ஜன்ற்றைப் பார்த்தார். சார்ஜன்ற் விறைத்து நின்று, “அவர்தான் அப்படிச் செய்யச் சொன்னார் சேர்,” என்றார்.

அந்தப் பதிலை ஏஎஸ்பி நம்புவார் என்று யாராவது எதிர்பார்ப்பார்களா? பொய் சொல்வதென்றால் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லு என்று கத்தினாராம். தில்லைநாதன் முன்னால் வந்து, அது உண்மைதான் என்று சொல்லப் பார்த்தார். லோயர் அவருடைய கையைப் பிடித்து நெரித்தார். பயத்தில் சொல்லுகிறார் என்று ஏஎஸ்பி நினைத்துக்கொண்டு குரலை இறக்கினார். ஐயா, நீங்கள் ஒன்றுக்கும் பயப்பட வேண்டாம், உங்கள் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், இனி யாரும் உங்கள் வாசலுக்கு வரமாட்டார்கள் என்றார்.

பெர்மிஷன் கடிதத்தைப் பற்றித் தில்லைநாதன் கேட்டாரா என்று நான் பத்மாவதி அக்காவிடம் கேட்டேன். “கேட்டிருந்தா நானே பிடிச்சு உள்ளுக்கை போட்டிருப்பன்,” என்றார்.

பின்னேரம் ஒஸ்ரின் லேனுக்குள் வந்தது. கிளெமென்ற்றின் மொரிஸ் புகைத்துக்கொண்டு பின்னால் வந்தது. சனம் வாசல்களில் நின்றது. யாரோ கை தட்டினார்கள். தில்லைநாதனின் நெற்றியில் காயம் இல்லாததைக் கண்டு இரண்டொருவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். உள்ளடியாக அடித்திருப்பார்கள், வெளியே தெரியாது என்று யோகநாதன் விளக்கம் சொன்னார். தில்லைநாதன் அதை மறுக்கவில்லை. இரண்டு நாள் கொஞ்சம் நொண்டியும் நடந்தார். எந்தக் கால் என்று காலையும் மாலையும் மாறியதை நான் மட்டும்தான் கவனித்தேன். அதை நான் வெளியே சொல்லவில்லை. ஒரு மனிதர் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த பெயரை நான் ஏன் கெடுக்கவேண்டும்?

கருணாதிலகவை வேறெங்கோ தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். லேன் சந்தோஷப்பட்டது. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு யோகநாதன் கடைக்கு வந்த தில்லைநாதன் ஒன்றும் வாங்காமல் திரும்பிப் போனார்.

றஞ்சிதம் திரும்பி வந்தாள். பாமன்கடையில் காற்றுச் சரியில்லையாம்.

செப்ரெம்பர் போட்டிக்கு லேனே திரண்டு போனது. பொலிஸிடமிருந்து மீட்ட காரல்லவா? யோகநாதன் குடும்பத்தோடு வந்திருந்தார். றஞ்சிதமும் பிள்ளைகளும் நல்ல உடுப்பு உடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் பத்மாவதி அக்காவுக்குத் துணையாகப் போனேன். கொழும்பு ஏழிலே ஒரு மைதானத்தில் கார்கள் வரிசையாக நின்றன. ஒஸ்ரின் மினுங்கியது. ஆனால் அது இப்போது முழுக்கக் கறுப்பு. கதவுகளின் வெள்ளையை மூடி அடித்திருந்தார். பம்பரில் மணி இல்லை.

நடுவராக வந்தவர் தொப்பி போட்ட ஒரு பறங்கிக் கிழவர். காரைச் சுற்றிப் பார்த்தார். முன்பக்கம் குனிந்தார். பம்பரின் ஓட்டைகளில் ஒன்றுக்குள் விரலை விட்டார். நிமிர்ந்தபோது முகத்தில் அத்தனை சந்தோஷம்.

“இது பொலிஸ் காரில்லையா மிஸ்ரர் தில்லைநாதன்? ரோந்துக் கார்?” என்று ஆங்கிலத்தில் சத்தமாகக் கேட்டார்.

எங்கள் லேன் முழுவதும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றது. யோகநாதன் கடலைப் பையைச் சரசரக்காமல் பிடித்துக்கொண்டார். கிளெமென்ற்றின் முகம் மலர்ந்திருந்தது. இந்தக் கேள்விக்காகத்தான் அவர்கள் இரண்டு பேரும் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் முழங்காலில் நின்று சுரண்டினார்கள்.

தில்லைநாதன் எங்களைப் பார்த்தார், அவரை ஆள்காட்டி என்பதை இப்போதுதான் விட்டிருந்த சனத்தை. பிறகு நடுவரைப் பார்த்தார்.

“இல்லை சேர். இது ஒரு டொக்டர் வைச்சிருந்த கார்.”

“டொக்டரா? அப்ப இந்த ஓட்டைகள்?”

“ஃபொக் லைட் பூட்டின ஓட்டை. டொக்டர் நுவரெலியாவிலை இருந்தவர், அங்கை எந்த நேரமும் மூடுபனி.”

கிழவர் நம்பவில்லை. கிளெமென்ற் பக்கம் திரும்பினார். கிளெமென்ற் தில்லைநாதனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் நின்றிருந்தால் தலையைக் குனிந்திருப்பேன். பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

“ஆமா சேர். டொக்டர் கார்தான். நல்ல கைராசிக்கார டொக்டர்.”

நடுவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தாளில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த காருக்குப் போனார். ஒஸ்ரினுக்கு அன்றைக்கு ஒரு பரிசும் கிடைக்கவில்லை. ஒரு டொக்டரின் கார், அதுவும் ஓட்டை விழுந்த பம்பரோடு, அந்த வரிசையில் எத்தனையாவது? கிளெமென்ற் எங்களோடு ஐஸ்கிரீம் குடிக்க நிற்காமல், துறைமுகத்தில் வேலை இருக்கிறது என்று மொரிஸை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

திரும்பும்போது பத்மாவதி அக்காவும் றஞ்சிதமும் நானும் ஒஸ்ரினில்தான் வந்தோம், றஞ்சிதத்தின் பிள்ளைகள் யோகநாதன் குடும்பத்தோடு வந்தார்கள். கொள்ளுப்பிட்டியைத் தாண்டினவுடன் செக் பொயின்ற்றில் மறித்தார்கள். ஒரு இளம் பொலிஸ்காரன் யன்னலுக்குள் குனிந்தான்.

“கார் யாருடையது?” என்று சிங்களத்தில் கேட்டான்.

“என்னுடையது,” என்றார் தில்லைநாதன். “முந்தி ஒரு டொக்டருடையது.”

பொலிஸ்காரன் தலையை ஆட்டினான். காரைப் பார்க்கவில்லை. முகங்களைப் பார்த்தான், பிறகு கையை நீட்டினான். நாங்கள் நாலு பேரும் ஐசியை எடுத்துக் கொடுத்தோம்.